300 எம்பிபிஎஸ் தேவையா?

கேள்வி: சிவகாசியில் அச்சகம் நடத்துகிறோம். கணினியில் வேலை செய்பவர்கள் ஆறு பேரிலிருந்து பதினைந்து பேராகிவிட்டார்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பை 300 ஆக்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது பெரும்பாலும் பதிவிறக்க வேகம். உங்களுடையதோ டிசைனை ஒப்புதலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டிய தொழில். ஒரு ஜிபி கோப்பு என்பது 8,000 மெகாபிட். பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால், வேறு யாரும் லைனைத் தொடாவிட்டாலும் அது போய்ச்சேர ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் இருவர் வீடியோ அழைப்பில் இருந்தால், துல்லியமான படத்துக்கு ஆளுக்கு மூன்று, நான்கு எம்பிபிஎஸ் போய்விடும். கோப்பும் நகராது, பேச்சும் விட்டுவிட்டுக் கேட்கும். பதிவிறக்கத்தை மட்டும் மும்மடங்காக்கினால் இந்த நெரிசல் தீராது. ஆகவே ஆள் கணக்கை விட, வேலை மும்முரமான நேரத்தில் ஒரே சமயத்தில் எத்தனை கோப்பு, எத்தனை அழைப்பு என்ற கணக்கே முக்கியம்.

‘ஃபைபரில் இரண்டு வேகமும் ஒன்றுதானே?’ என்பீர்கள். பல திட்டங்களில் உண்மைதான். அப்படியானால் வைஃபை மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும். மடிக்கணினியை கேபிள் வழியாக ரவுட்டரில் நேரடியாகச் செருகி, காலை பதினொரு மணிக்கு வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளில் சரியாக வந்து வைஃபையில் குறைந்தால், திட்டத்தை உயர்த்துவது வீண், ரவுட்டரை மாற்றுங்கள். கேபிளிலேயே குறைந்தால் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். தனி லீஸ்டு லைன் நிலையான வேகம் தரும், ஆனால் கட்டணம் பல மடங்கு. பதினைந்து பேருக்கு அது தேவைப்படாது. அந்தப் பணத்தில் சிறு பங்கைச் செலவிட்டு, வேறொரு நிறுவனத்தின் இணைப்பை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.