டிவி ட்யூனர் கார்டை லினக்ஸில் இயங்க வைப்பது எப்படி? தொடக்கநிலையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அலமாரியில் கல்யாண வீடியோ கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிவிடலாம் என்று பழைய பொருள் கடையில் ஒரு பிசிஐ டிவி ட்யூனர் கார்டு வாங்கி வருகிறீர்கள். பெட்டியும் இல்லை, சிடியும் இல்லை. லினக்ஸ் கணினியில் செருகி டிவி நிரலைத் திறந்தால் திரை முழுக்கக் கறுப்பு. எனக்கும் முதல் கார்டில் இதுதான் நடந்தது. கார்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பல நேரங்களில் கார்டு நன்றாகத்தான் இருக்கும்; அது எந்தக் கார்டு என்பது டிரைவருக்குத் தெரியாததுதான் சிக்கல்.

பிலிப்ஸின் எஸ்ஏஏ7134 சிப்பை எடுத்துக்கொள்வோம். பல நிறுவனங்கள் இதே சிப்பை வாங்கி, தங்கள் விருப்பப்படி ட்யூனரையும் ஒலி ஸ்விட்ச்சையும் இணைத்துக் கார்டு செய்தன. ஸ்விட்ச் போர்டு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கலாம். எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்பது வீட்டுக்கு வீடு மாறும். டிரைவருக்குச் சிப் தெரியும், வயரிங் தெரியாது. அந்த வயரிங்கைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் நம் வேலை.

(கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.)

படி 1: சிப் எது?

எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என் -வி -கே என்ற தெரிவுகளோடு கொடுங்கள். 1131:7134 என்று ஒரு வரி வரும். 1131 பிலிப்ஸைக் குறிக்கும், 7134 சிப்பைக் குறிக்கும். அதற்குக் கீழே சப்சிஸ்டம் என்று இன்னொரு ஜோடி எண் இருக்கும். கார்டைச் செய்த நிறுவனத்தின் முத்திரை அதுதான். இரண்டையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு சிப்பாக இருந்தால் டிரைவர் மட்டும் மாறும், வழி இதேதான். பிடி878 சிப்புக்கு பிடிடிவி, கோனெக்ஸன்ட் 2388எக்ஸ் சிப்புக்கு சிஎக்ஸ்88.

படி 2: கெர்னல் என்ன சொல்கிறது?

டிமெஸ்ஜி கட்டளையில் எஸ்ஏஏ7134 என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். போர்டு தெரியவில்லை, கார்டு=0 என்று இருந்தால் நோயின் பெயர் கிடைத்துவிட்டது. சப்சிஸ்டம் எண்ணே இல்லாத கார்டு என்றால் டிரைவர் ஒரு புலம்பலையே அச்சிடும்: கார்டைச் செய்தவர் ஈப்ராமில் (கார்டின் அடையாளத்தை வைத்திருக்கும் சிறு நினைவகச் சிப்) சில காசு மிச்சம் பிடித்துவிட்டார், அதனால் இதைத் தானாக அடையாளம் காண முடியவில்லை என்று. இந்த டிரைவரையும் பிடிடிவியையும் வளர்த்தெடுத்த கெர்ட் க்னோர் போன்றவர்கள் கார்டு கார்டாகச் சேகரித்த விவரம்தான் இன்று நமக்குக் கைகொடுக்கிறது.

படி 3: கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கணினியை அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். ஆன்டெனா செருகும் இடத்தில் தீப்பெட்டியை நினைவூட்டும் ஒரு தகர டப்பா இருக்கும். அதுதான் ட்யூனர். அதன் ஸ்டிக்கரில் எஃப்எம்1216எம்இ எம்கே3 என்று இருந்தால் டிரைவரின் பட்டியலில் ட்யூனர்=38. எஃப்ஐ1216 என்றால் 5. சிறிய சிப்புகளின் மேலுள்ள எழுத்துகளையும் விட்டுவிடாமல் படம் எடுங்கள். 4052 என்ற எண் உள்ள ஒன்று இருந்தால் அது ஒலி ஸ்விட்ச். படி 5-இல் தேவைப்படும்.

படி 4: கார்டு எண்ணைத் தேடுங்கள்

பொறுமை வேண்டிய இடம் இது. கெர்னலின் ஆவணங்களில் எஸ்ஏஏ7134-க்கான கார்டு பட்டியலில் 190-க்கு மேற்பட்ட எண்கள் உண்டு. எல்லாவற்றையும் முயல வேண்டாம். உங்கள் கார்டின் ட்யூனரும் சிப்புகளும் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுங்கள்.

முதலில் மோட்ப்ரோப் -ஆர் கொண்டு எஸ்ஏஏ7134-ஆல்சாவை இறக்குங்கள், அடுத்து எஸ்ஏஏ7134-ஐ. பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், ஏதோ ஒரு ஒலி நிரலோ டிவி நிரலோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது; அதை மூடுங்கள். பிறகு மோட்ப்ரோப் எஸ்ஏஏ7134 கார்டு=2 ட்யூனர்=38 ஐ2சி_ஸ்கேன்=1 என்று ஏற்றுங்கள். 2 என்பது ஃப்ளைவீடியோ3000; உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசித் தெரிவு கார்டிலுள்ள சிப்புகளை முகவரி முகவரியாகக் கூப்பிடும். டிமெஸ்ஜியில் ஏ0 பதில் சொன்னால் ஈப்ராம் இருக்கிறது. சி0 முதல் சி6 வரை ஏதாவது பதில் வந்தால் ட்யூனர் உயிரோடு இருக்கிறது. 96 வந்தால் அது டிடிஏ8290 என்ற சிப். ட்யூனர் அதன் பின்னால் மறைந்திருக்கும், ட்யூனர்=54-ஐ முயலுங்கள். ஐ2சிடிடெக்ட் நிரல் இதே முகவரிகளைப் பாதியாக, 50, 60 என்று காட்டும், குழம்ப வேண்டாம். அந்த நிரல் தரவை அழிக்கவும் கூடும் என்று அதுவே எச்சரிக்கிறது. எனவே டிரைவரின் ஸ்கேனே போதும்.

ஒவ்வொரு எண்ணையும் முதலில் கம்போசிட் உள்ளீட்டில் சோதியுங்கள். விசிஆரின் மஞ்சள் கேபிளைச் செருகி டிவிடைம் நிரலைத் திறங்கள். வெப்கேம் இருந்தால் கார்டு வீடியோ1 என்ற சாதனமாகியிருக்கலாம், கவனியுங்கள். கெர்னல் 2.6.38-இல் (2011) பழைய வி4எல்1 இடைமுகம் நீக்கப்பட்டதால் மிகப் பழைய நிரல்கள் திறக்கவே திறக்காது. கம்போசிட்டில் ட்யூனருக்கு வேலையே இல்லை. அங்கே படம் வந்துவிட்டால் சிப், டிரைவர், நிரல் மூன்றும் சரி. கேசட்டைப் பதிவுசெய்வது மட்டுமே நோக்கமென்றால் ஒலியைச் சவுண்ட் கார்டின் லைன்-இன்னில் கொடுத்துப் பதிவைத் தொடங்கிவிடுங்கள். ட்யூனரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒரு முயற்சியில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். விடை விசித்திரமாக வந்தால் கணினியை முழுதாக அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கி, மறுபடி தொடங்குங்கள். ரீபூட் மட்டும் செய்தால் முந்தைய எண் விட்டுச்சென்ற நிலை கார்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

படி 5: படம் வருகிறது, ஒலி இல்லை

முதலில் ஒளிபரப்பு முறை. இந்தியாவிலும் இலங்கையிலும் அனலாக் டிவிக்கு பால்-பி/ஜி, ஒலி 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். பால்-ஐ என்றால் 6, பால்-டி/கே என்றால் 6.5. இதைத் தவறாகக் கொடுத்தால் படம் பளிச்சென்று வரும், ஒலி வராது. வானில் அனலாக் ஒளிபரப்பு அருகிவிட்டதால், விசிஆரின் ஆர்எஃப் அவுட்டைச் செருகிச் சோதியுங்கள். பல விசிஆர்களில் அது யுஎச்எஃப் 36-ஆம் சேனல், அதாவது 591.25 மெகாஹெர்ட்ஸ்.

அடுத்து, சிப் எஸ்ஏஏ7130 என்றால் லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சா வழியாக ஒலி வராது. அதில் அந்த வசதியே இல்லை. கார்டிலிருந்து சவுண்ட் கார்டுக்கு ஒரு சிறு கேபிள் போட வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் அமைதி என்றால் கார்டு எண் தவறு. அந்த 4052 ஸ்விட்ச்சை இயக்கும் ஜிபிஐஓ கால்களுக்கு (சிப்பின் பொதுப்பயன் இணைப்புகள்) டிரைவர் தவறான மதிப்பைக் கொடுக்கிறது. கார்டு விண்டோஸில் வேலை செய்யுமானால், டிஸ்கேலர் திட்டத்தின் ரெக்ஸ்பை கருவியில் டிவி, ரேடியோ, கம்போசிட் என ஒவ்வொரு நிலையிலும் ஜிபிஐஓ மதிப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: நிலைப்படுத்துங்கள், அனுப்புங்கள்

சரியான எண் கிடைத்ததும் மோட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பு தொடங்கி, 'ஆப்ஷன்ஸ் எஸ்ஏஏ7134 கார்டு=2 ட்யூனர்=38' என்ற வரியை உங்கள் எண்களோடு எழுதுங்கள். பட்டியலில் எந்த எண்ணும் பொருந்தவில்லை என்றால் டிரைவரின் மூலநிரலில் மூன்று இடத்தில் சேர்க்க வேண்டியிருக்கும்: கார்டின் பெயருக்கு ஓர் எண், அதன் வயரிங் விவரம், சப்சிஸ்டம் எண்.

நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சப்சிஸ்டம் எண், ட்யூனரின் பெயர், டிமெஸ்ஜி வரிகள், ஜிபிஐஓ மதிப்புகள், கார்டின் படம் ஆகியவற்றைச் சேர்த்து லினக்ஸ் மீடியா குழுவுக்கு எழுதுங்கள். இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்ததை உங்கள் கணினியோடு வைத்துக்கொள்ளாதீர்கள். அதே கார்டை வைத்துக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு அது வேண்டும்.