முதுகுவலிக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் எட்டு வருடம் இருந்துவிட்டு 2016-ல் வெளியே வந்தார். பணியில் இருந்தபோது முதுகில் அடிபட்டது. அதற்கு வி.ஏ. (அமெரிக்கப் படைவீரர் நலத்துறை) 20 சதவீத ஊனம் என்று முடிவு செய்து மாதாமாதம் பணம் தருகிறது. முதுகுவலியால் ஓட்டமும் உடற்பயிற்சியும் நின்றுபோய், எடை ஏறிக்கொண்டே போனது. ராத்திரியில் குறட்டை சட்டென்று நிற்கும், மூச்சும் நிற்கும், பிறகு திணறிக்கொண்டு எழுவார். போன வருடம் டாக்டர் 'ஸ்லீப் ஆப்னியா' என்று சொல்லி தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்கக் காற்றழுத்தம் தரும் சிபாப் மெஷின் எழுதிக் கொடுத்தார். இதற்கும் ஊனத்தொகை கேட்டோம். 'பணிக்காலத்தில் இந்த நோய் இருந்ததற்கு ஆதாரம் இல்லை' என்று நான்கு மாதத்துக்கு முன்பு மறுத்துவிட்டார்கள். இனி வழி உண்டா?
– ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: உண்டு, சகோதரி. 'இந்த நோய் பணிக்காலத்தில் வந்ததா?' என்று பார்த்து, இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: 'பணியில் பட்ட அடி இந்த நோயைக் கொண்டுவந்ததா?' ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட ஊனத்தால் இன்னொரு நோய் வந்தாலும், இருந்த நோய் முற்றினாலும், அதையும் பணியோடு சேர்த்துக்கொள்ள வி.ஏ. விதிகளின் 3.310-ஆம் பிரிவு இடம் தருகிறது. நோய் எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் சரி.

மூன்று தாள்கள் வேண்டும். முதலாவது, தூக்கப் பரிசோதனை அறிக்கை. குறட்டை விடுகிறார் என்பது மட்டும் போதாது; பரிசோதனையில் நோய் உறுதியாகியிருக்க வேண்டும். இரண்டாவது, முதுகுக்கு 20 சதவீதம் தந்த உத்தரவு. இவை இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. மூன்றாவது, முதுகையும் மூச்சையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. 'நெக்ஸஸ் லெட்டர்' என்பார்கள். பெரும்பாலும் விண்ணப்பங்கள் விழுவது இங்கேதான்.

உங்கள் விஷயத்தில் நடுவே உடல் பருமன் இருக்கிறது. பருமனை வி.ஏ. தனி ஊனமாக ஏற்பதில்லை. ஆனால் ஒரு ஊனத்துக்கும் இன்னொன்றுக்கும் இடைப்பட்ட படியாக ஏற்கலாம் என்று அதன் தலைமைச் சட்ட ஆலோசகர் 2017-ல் கருத்துரைத்திருக்கிறார். அதன்படி டாக்டரின் கடிதம் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். முதுகுவலிதான் பருமனுக்குக் காரணமா? அந்தப் பருமன் ஸ்லீப் ஆப்னியாவுக்கு முக்கியக் காரணமா? பருமன் இல்லாவிட்டால் இந்த நோய் வந்திருக்காதா?

'காரணமாக இருக்கலாம்' என்று டாக்டர் மழுப்பினால் எடுபடாது. குறைந்தது ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு என்று சொல்ல வேண்டும். இரு பக்கமும் ஆதாரம் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே என்பது சட்டம். ஏன் அப்படி நினைக்கிறார் என்ற விளக்கமும் வேண்டும். ராணுவத்தில் சேர்ந்தபோது எடை எவ்வளவு, அடிபட்டபோது எவ்வளவு, வெளியே வந்தபோது எவ்வளவு, நோய் தெரிந்தபோது எவ்வளவு என்று மருத்துவப் பதிவுகளிலிருந்து ஆண்டுவாரியாக எடுத்து டாக்டரிடம் கொடுங்கள். அடிபடும் முன்பே எடை கூடியிருந்தால் அதை மறைக்காதீர்கள். குடும்பவாகு, தாடையின் அமைப்பு போன்ற பிற காரணங்களையும் டாக்டர் எடைபோட்டு எழுதினால்தான் கடிதம் நிற்கும்.

உங்கள் சாட்சியமும் செல்லும். 21-10210 என்ற படிவத்தில், குறட்டை எப்போது தொடங்கியது, மூச்சு நின்றதை எப்படிப் பார்த்தீர்கள், அவர் எந்த ஆண்டில் ஓடுவதை நிறுத்தினார் என்று கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். நோய்க்குக் காரணம் இன்னது என்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம். அது டாக்டரின் வேலை.

இனி விண்ணப்பம். மேல்நிலை மறுஆய்வு கேட்டால் புது ஆதாரம் கொடுக்க முடியாது. அது உங்களுக்கு உதவாது. 20-0995 படிவத்தில் புது ஆதாரத்தோடு 'சப்ளிமென்டல் கிளெய்ம்' போடுங்கள், முதுகின் விளைவாக வந்த நோய் என்று தெளிவாகக் குறிப்பிட்டு. மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போட்டால், வென்றபின் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்தே நிலுவை கிடைக்க வாய்ப்புண்டு. உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்? இதுவரை பின்பற்றப்படும் அளவுகோலில், பகலில் ஓயாத தூக்கக் கலக்கம் இருந்தால் 30 சதவீதம், சிபாப் கருவி தேவைப்பட்டால் 50. இதை மாற்ற 2022-ல் வி.ஏ. ஒரு வரைவு வெளியிட்டது. ஆகவே விண்ணப்பிக்கும்போது நடப்பிலுள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். 50-ஐயும் 20-ஐயும் கூட்டி 70 என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் 50 போக மீதி 50. அதில் 20 சதவீதம் 10. ஆக மொத்தம் 60. வி.ஏ. கணக்கு அப்படித்தான்.

டிஸேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ், அமெரிக்கன் லீஜன் போன்ற சங்கங்களில் வி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாக உதவுவார்கள். 'ஜெயித்துத் தருகிறோம், கூடுதலாக வருவதில் சில மாதத் தொகை எங்களுக்கு' என்று வரும் அங்கீகாரமற்ற நிறுவனங்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். தூக்க மருத்துவரைப் பார்க்கத் தேதி வாங்குவதற்கு முன், பிரதிநிதியிடம் மறுப்புக் கடிதத்தைக் காட்டி, அதில் எந்தக் காரணத்துக்குப் பதில் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டரின் கடிதம் அந்தக் காரணத்துக்குப் பதிலாக அமைய வேண்டும்.