வழக்குரை காதையில் ‘கொற்கை வேந்தே’ என்னும் விளி: முத்து, சான்று, நீதி

ஆய்வுச் சுருக்கம்

சிலப்பதிகார வழக்குரை காதையில் பாண்டியன் நெடுஞ்செழியனை வாயிலோனும் கண்ணகியும் ‘கொற்கை வேந்தே’ என விளிக்கின்றனர். பாண்டியர்க்குரிய பொது அடைமொழியாகத் தோன்றும் இவ்விளி, சிலம்பின் முத்துப்பரல் சான்றாக வெளிப்படும் இடத்திற்கு வழியமைக்கிறது. கொற்கையிலிருந்து ஆட்சிக்கு வந்த வெற்றிவேற் செழியனின் செயலையும் உடன்வைத்து நோக்கும்போது, காப்பியத்தின் நீதிக் கருத்தில் விடைபெறாத வினா ஒன்று எஞ்சுகிறது. இவ்விரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிலப்பதிகாரம், கொற்கை, விளி, முத்து, சான்று, பொற்கொல்லர்.

முன்னுரை

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளடங்கிய சிற்றூராகக் கொற்கை உள்ளது. 1968-69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கு அகழாய்வு நிகழ்த்தியது. அகநானூறும் மதுரைக்காஞ்சியும் இதனைப் பாண்டியரின் முத்து வளம் மிக்க துறையாகக் காட்டுகின்றன. இலக்கிய ஆய்வுகளில் கொற்கை பெரும்பாலும் துறைமுக வரலாற்றுக்குரிய தரவாகவே எடுத்தாளப்படுகிறது. ஒரு காப்பியத்தின் உள்ளே அவ்வூர்ப்பெயர் ஆற்றும் பணி தனியே நோக்கத்தக்கது.

சிலப்பதிகாரம் நாடகக் காப்பியம் எனப்படுவது. நாடகத்தில் ஒரு பாத்திரம் மற்றொரு பாத்திரத்தை எப்பெயரால் அழைக்கிறது என்பது அவர்களிடையேயான உறவைப் புலப்படுத்தும். அடியார்க்கு நல்லார் உரை ஊர்சூழ்வரியோடு நின்றுவிடுவதால், அடுத்துவரும் வழக்குரை காதைக்கு அவருடைய விரிந்த விளக்கம் நமக்குக் கிட்டவில்லை. எனவே இக்காதையின் சொல்லாட்சிகளை மூலத்தின் அமைப்பைக் கொண்டே ஆராய வேண்டியுள்ளது.

வாயிலோன் விளியும் கண்ணகி விளியும்

கண்ணகியின் வருகையை அறிவிக்கும் வாயிலோன் அரசனை வரிசையாக வாழ்த்துகிறான். அவ்வரிசையில் முதலில் நிற்பது கொற்கை. பொதியில் மலை அதற்கு அடுத்தே வருகிறது. பழி தன்னை அணுகாதவன் என்னும் பொருள்பட அவ்வாழ்த்து முடிகிறது. பழி வாயிலில் வந்து நிற்கும் வேளையில் இச்சொற்கள் கூறப்படுவதால் கேட்போர்க்கு இதன் முரண் விளங்கும்.

கண்ணகி முதலில் அரசனைத் ‘தேரா மன்னா’ என்றே விளிக்கிறாள். ஆராயாதவன் என்னும் குற்றச்சாட்டு அவ்விளியிலேயே அடங்கியுள்ளது. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் ஆகாது என அரசன் மறுமொழி கூறிய பின்னர் அவள் விளி மாறுகிறது. நல்வழியில் செல்லாத கொற்கை வேந்தே என்று அழைத்து, தன் சிலம்பின் பரல் மணி என்று அறிவிக்கிறாள். தன் தேவியின் சிலம்பில் உள்ளவை முத்துகள் என்று அரசன் உடனே கூறுகிறான். வாயிலோன் புகழ்ச்சியாக வழங்கிய பெயரையே கண்ணகி குற்றச்சாட்டோடு திருப்பித் தருகிறாள்.

எதுகை பற்றிய மறுப்பு

கண்ணகி கூற்றில் ‘கொற்கை’ என்பது எதுகை கருதி வந்தது என மறுக்கலாம். ‘நற்றிறம்’, ‘கொற்கை’ ஆகிய சொற்கள் றகர ஒற்றால் இயைவது உண்மையே. ஆயினும் வாயிலோன் வாழ்த்தில் கொற்கைக்கு அத்தகைய தேவை இல்லை. மேலும், ஓசைக்குப் பொருந்திய சொல் பொருளுக்கும் பொருந்துவது செய்யுளின் இயல்பே. கொற்கை என்றதும் முத்தை நினைக்கும் மரபில் வந்தவர்க்கு, அவ்விளியைத் தொடர்ந்து வரும் பரல் பற்றிய உரையாடல் இயல்பான தொடர்ச்சியாகவே அமையும். புலவர் திட்டமிட்டார் என்று நிறுவ இயலாவிடினும், பனுவல் அவ்வாறு இயங்குகிறது எனக் கூற இடமுண்டு.

முத்து என்னும் சான்று

இரு சிலம்புகளும் புறத்தோற்றத்தில் ஒத்திருந்தமையே பொற்கொல்லனின் சூழ்ச்சிக்கு இடமளித்தது. வேறுபாடு உள்ளே இருந்தது. கொற்கைத் துறையின் முத்து அரசனது உடைமை. அவனது செல்வத்திற்கும் புகழுக்கும் அடையாளம். அதுவே அவனுக்கு எதிரான சான்றாகவும் மாறுகிறது.

இங்குக் கருத வேண்டியது அரசன் விடை கூறும் விரைவு. பரல் எது என்பதை அவன் எவரிடமும் கேட்டறியவில்லை. அவனுக்கு அது முன்பே தெரியும். கொலைக்களக் காதையில், ஊடிய தேவியின் இருப்பிடம் நோக்கிச் செல்லும் வழியில், பொற்கொல்லன் சொற்கேட்டு ஆணையிட்டபோதும் அவ்வறிவு அவனிடம் இருந்தது. தன்னிடம் இருந்த அறிவை வினாவாக்காமல் விட்டதே அவன் பிழை. ‘தேரா’ என்னும் அடைமொழி இப்பிழையையே துல்லியமாகக் குறிக்கிறது. உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மணி ஆணையிட்ட வாயருகே சென்று படுவதும் இதனோடு இயைவதே. அரசன் தன்னையே கள்வன் எனத் தீர்ப்பளித்து உயிர் துறக்கிறான்.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் குறிக்கிறது. இக்குறிப்பைக் காப்பியத்தின் மீது நேராக ஏற்றுதல் பொருந்தாது. எனினும், அரச நீதியும் முத்தும் நடைமுறையில் தொடர்புற்றிருந்ததை அது உணர்த்துகிறது.

கொற்கையிலிருந்த செழியன்

நெடுஞ்செழியனுக்குப் பின் பாண்டிய நாடு மழையின்றி வாட, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுப் பத்தினிக்குச் சாந்தி செய்தான் என உரைபெறு கட்டுரை கூறுகிறது. நீர்ப்படைக் காதையும் இதனைக் குறிக்கிறது. குற்றம் செய்தவன் ஒருவன், பலியானோர் ஆயிரவர். அவர்களுக்கு எதிரான சான்று எதுவும் காப்பியத்தில் இல்லை.

வஞ்சின மாலையில் கண்ணகி எரியை ஏவும்போதும் அறவோர், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழவியர் முதலானோரை விலக்கித் தீயோர் பக்கமே சேருமாறு கூறுகிறாள். கடுஞ்சினத்திலும் அவள் ஆளறிந்து பிரிக்கிறாள். செழியனின் வேள்வியில் அப்பிரிப்பு இல்லை. முன்னவன் ஒருவனை ஆராயாது கொன்றான். பின்னவன் அதற்குக் கழுவாயாக ஆயிரவரை ஆராயாது கொல்கிறான். வாழ்த்துக் காதையில் தெய்வமான கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்று கூறித் தன்னை அவன் மகள் என்கிறாள். மதுரை மகளிர் பவழ உலக்கையால் முத்துக் குற்றிப் பாடும் வள்ளைப்பாட்டும் அக்காதையிலேயே இடம்பெறுகிறது. அரசனுக்கு எதிராகச் சான்றான முத்து, அவன் குலத்தைப் பாடும் வள்ளைக்குரிய பொருளாக மீள்கிறது. அத்தகைய மீட்சி பொற்கொல்லர்க்கு எங்கும் தரப்படவில்லை.

முடிவுரை

‘கொற்கை வேந்தே’ என்னும் விளி, வாயிலோன் வாயில் புகழாகவும் கண்ணகி வாயில் குற்றச்சாட்டாகவும் அமைந்து, முத்துப்பரல் சான்றுக்கு வழிவகுக்கிறது. முத்து இங்குச் செல்வத்தின் குறியீடாக மட்டும் நில்லாமல், அரசன் அறிந்தும் ஆராயாது விட்ட உண்மையின் குறியீடாகிறது. அதே கொற்கையிலிருந்து வரும் செழியனின் செயல், அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்னும் காப்பியக் கொள்கைக்கு உட்படாமல் நிற்கிறது. மழை பெய்தது என்பதால் அது அறமாயிற்று என்று கொள்ளும் வாசிப்பு, ‘தேரா மன்னா’ என்ற கண்ணகியின் குரலைக் கைவிடுவதாகும். ஆயிரவர் பலியைக் காப்பியத்தின் புறக்குறிப்பாக ஒதுக்காமல், வழக்குரை காதையின் அளவுகோலைக் கொண்டே மதிப்பிடும் ஆய்வுகள் மேற்கொள்ளப்பட வேண்டும்.