புற்றுநோய் நிதிக்காக ஓடுகிறீர்களா? முன்னங்காலைக் கவனியுங்கள்

ஒரு ஞாயிறு காலை, ஓட்டப் பாதையின் ஓரத்தில் போட்டிருந்த மருத்துவக் கூடாரத்துக்கு ஒருவர் நொண்டிக்கொண்டே வந்தார். நாற்பது வயதிருக்கும். பனியனின் முதுகில் அவருடைய அம்மாவின் படத்தை நான்கு ஊக்குகளால் குத்தியிருந்தார். வலது முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து அழுத்திக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள், ஆள் துள்ளிவிட்டார். “ஸ்ப்ரே மட்டும் அடிச்சு விடுங்க சார். அம்மா பேர்ல எழுபது பேர் பணம் குடுத்திருக்காங்க, நடந்தாவது முடிச்சிடறேன்” என்றார். நான் விடவில்லை. அவருக்குக் கோபம்தான்.

நிதி திரட்ட ஓடுபவர்களிடம் இந்த வலியை நான் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். ஓட்டத்துக்கு ஐந்தாறு வாரம்தான் இருக்கும். முதல் இரண்டு வாரம் மூச்சு வாங்கும். மூன்றாவது வாரம் திடீரென்று எளிதாகிவிடும். உற்சாகத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கு மாதங்கள் வேண்டும். புதிய சுமை வந்ததும் எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். சாலையைக் கொத்திப் போட்டுவிட்டுத் தார் ஊற்றாமல் போவார்களே, ஏறக்குறைய அந்த நிலையில் எலும்பு இருக்கும்போதுதான் நீங்கள் தூரத்தைக் கூட்டுகிறீர்கள்.

வரும் வலி இரண்டு வகை. ஷின் ஸ்பிளிண்ட் (முன்னங்கால் எலும்பின் உட்பக்கம் நீளவாக்கில் பரவும் வலி) ஓடத் தொடங்கும்போது இருக்கும், உடம்பு சூடானதும் பெரும்பாலும் குறையும். அழுத்தினால் ஒரு சாண் நீளத்துக்குக்கூட வலிக்கலாம். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (தொடர் அழுத்தத்தால் எலும்பில் விழும் மெல்லிய விரிசல்) அப்படியல்ல. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலிக்கும்; ஓட ஓடக் கூடும்; முற்றினால் இரவில் படுத்திருக்கும்போதும் குத்தும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று கேட்டதும் மறுபடி ஓடப் போய்விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ ஸ்கேன் காட்டிவிடும்.

முதல் வகைக்கு ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, கெண்டைக்கால் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். இரண்டாவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. நீந்தலாம். இதற்காகப் பதற வேண்டாம். ஓய்வு கொடுத்தால் இந்த விரிசல் பெரும்பாலும் தானே கூடிவிடும். கூடவிடாமல் கெடுப்பவை நம் குறுக்கு வழிகள்தான். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவி விடுவது ஒன்று. ஓடுவதற்கு முன் வலி மாத்திரை விழுங்குவது அதைவிட மோசம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை வலியை மறைக்கும், விரிசலை ஆற்றாது. உடலில் நீர் குறைந்திருக்கும் வேளையில் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

சென்னை போன்ற கடலோர ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது, உடல் குளிராது. ஓடுபவர் உளறினாலோ தள்ளாடினாலோ வெப்பத் தாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘வியர்க்கிறதே, ஒன்றுமில்லை’ என்பது தவறு; ஓடும்போது வரும் வெப்பத் தாக்கில் வியர்வை நிற்காமலே இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடல் முழுதும் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பயத்தில் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து நீங்களே ஓட விரும்பினால் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின் போன்ற மருந்து எனக்குக் கொடுக்கப்பட்டதா? என் எலும்பில் நோய் பரவியிருக்கிறதா? கீமோதெரபியால் பாத நரம்பு மரத்திருக்கிறதா? மரத்த பாதத்தில் கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. காலணியைக் கழற்றியதும் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுழைவுக் கட்டணம் முழுவதும் மருத்துவமனைக்குப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள்; பனியன், தண்ணீர், பந்தல் எல்லாம் அதிலிருந்துதான். எவ்வளவு போய்ச் சேரும் என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். நன்கொடையை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காமல் நேரே நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பணம் வாங்கிவிட்டோம், முடிக்காவிட்டால் ஏமாற்றியதாகிவிடுமே என்ற எண்ணம்தான் பலரை வலியோடு ஓட வைக்கிறது. ஆனால் புற்றுநோய் நிதி ஓட்டங்களுக்கு உலகெங்கும் முன்மாதிரியான டெர்ரி ஃபாக்ஸ் தன் ஓட்டத்தை முடிக்கவே இல்லை. எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த கனடா இளைஞர் அவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு கிழக்குக் கரையில் தொடங்கி, நாட்டைக் குறுக்காகக் கடக்க நினைத்தார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நுரையீரலுக்கு நோய் பரவியதால் செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே நின்றார். நின்ற அடுத்த வாரமே, ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அவர் பெயரில் இன்றும் நடக்கும் ஓட்டங்களில் பரிசு கிடையாது, நடந்தும் போகலாம்.

கூடாரத்துக்கு வந்தவர் ஒன்பதாவது வாரம் மருத்துவமனைக்கு வந்தார். எழுபது பேருக்கும் ‘கால் எலும்பில் விரிசல், நான்காவது கிலோமீட்டரில் நின்றுவிட்டேன்’ என்று எழுதினாராம். ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு பேர் எலும்பு சூப் செய்யும் முறையை அனுப்பியிருந்தார்கள். விரலால் அழுத்திப் பார்த்தேன், வலி இல்லை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று எழுதிக் கொடுத்தேன்.