பழைமை பாராட்டுதல்: முதுமைப் பயணத்தில் ஒரு பாடம்

பணி ஓய்வு பெற்றதும் நம்மவர்களில் பலர் முதலில் எண்ணுவது தல யாத்திரை. பிள்ளைகளைப் படிக்க வைத்து, கடன்களை அடைத்து, சேமநிதிப் பணம் கைக்கு வந்த பிறகு தமிழ்நாட்டுக் கோயில்களைக் கண்டு வரப் புறப்படுகிறோம். எந்தெந்தத் தலம், எத்தனை நாள், எங்கே தங்குவது என்று பட்டியல் எழுதுகிறோம். அந்தப் பட்டியலில் ஒரு பழைய நண்பரின் பெயரையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் நட்பைப் பற்றித் தொடர்ச்சியாகப் பல அதிகாரங்கள் வைத்துள்ளார். 79ஆம் அதிகாரம் நட்பு. 80ஆம் அதிகாரம் நட்பாராய்தல். இவற்றை அடுத்து வரும் 81ஆம் அதிகாரம் ‘பழைமை’. நட்புச் செய்வதையும் நட்பை ஆராய்வதையும் சொன்ன பிறகு, பழகிய நட்பைக் காப்பாற்றுவதற்கென்று தனியே பத்துக் குறட்பாக்களை அவர் ஒதுக்கியிருப்பது சிந்திக்கத்தக்கது.

பழைமை என்றால் என்ன?

நீண்ட காலம் பழகியவர் நம்மிடம் உரிமை எடுத்துக் கொள்வார். கேட்காமல் ஒன்றைச் செய்வார். தயங்காமல் ஒன்றைக் கேட்பார். அந்த உரிமையைக் குறைவாக எண்ணாமல் மகிழ்ந்து ஏற்பதே பழைமை என்பது இவ்வதிகாரத்தின் கருத்து. நண்பர் நமக்கு வருத்தம் தரும் ஒன்றைச் செய்துவிட்டால், அதை அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ கொள்ள வேண்டும் என்றும் வள்ளுவர் கூறுகிறார். பரிமேலழகரும் இவ்வதிகாரத்தைப் பழைய நண்பரின் பிழை பொறுத்தல் என்னும் நோக்கிலேயே விளக்கிச் செல்கிறார்.

படிப்பதற்கு எளிதான பாடம்தான். வாழ்க்கையில் இதில் நான் தவறினேன் என்பதை இங்கே ஒப்புக் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு கடிதம்

கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் இளமை கழிந்தது. பக்கத்து லயத்து வீட்டுப் பையனும் நானும் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தோம். பள்ளி விட்டதும் அவரவர் அம்மாவுக்கு மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் எடுக்கவும் சேர்ந்தே போவோம்.

1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் இந்நாட்டில் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. சுதந்திரத்துக்குப் பின் குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் விட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். 1969க்குப் பிறகு பல்லாயிரம் பேர் பெட்டி படுக்கையுடன் இந்தியா திரும்பினார்கள். என் நண்பனின் குடும்பமும் அவற்றில் ஒன்று. 1970இல் பினாங்குத் துறைமுகத்தில் ‘ரஜூலா’ கப்பலில் அவர்களை ஏற்றிவிட்டு வந்தோம். எங்கள் இருவருக்கும் அப்போது வயது 14.

பல ஆண்டுகள் கடிதம் எழுதிக் கொண்டோம். 1984இல் வந்த ஒரு கடிதத்தில், தன் தாயார் மருத்துவமனையில் இருப்பதாகவும், முடிந்தால் இருநூறு வெள்ளி அனுப்பி உதவும்படியும் எழுதியிருந்தான். அப்போது எனக்குப் புதிதாகத் திருமணம் ஆகியிருந்தது. வீட்டுக் கடனும் இருந்தது. ‘இத்தனை ஆண்டுக் கடிதமும் இதற்குத்தானா’ என்று ஒரு தீய எண்ணம் மனத்தில் எழுந்தது. பணமும் அனுப்பவில்லை, பதிலும் எழுதவில்லை. அதற்கு மேல் அவனிடமிருந்தும் கடிதம் வரவில்லை. ஆசிரியர் பணியில் ‘பழைமை’ அதிகாரத்தை எத்தனையோ முறை பாடம் நடத்தினேன். அந்தக் கடிதத்தை மட்டும் நினைக்காமல் இருக்கப் பழகிக் கொண்டேன்.

அடியார் காட்டிய வழி

சைவ மரபில் நட்புக்கும் பயணத்துக்கும் சிறந்த சான்று சுந்தரமூர்த்தி நாயனாரும் சேரமான் பெருமாள் நாயனாரும் ஆவர். கொடுங்கோளூரிலிருந்து ஆண்ட சேரமான், தம் பூசையின் முடிவில் நாள்தோறும் இறைவனின் சிலம்பொலியைக் கேட்பவர். ஒருநாள் அது தாழ்த்து ஒலித்தது. தில்லையில் சுந்தரரின் பாடலைக் கேட்டிருந்ததால் தாமதம் நேர்ந்தது என்று இறைவனே அறிவித்தார். உடனே சேரமான் அரச போகத்தை விட்டுப் புறப்பட்டு, தில்லையை வணங்கித் திருவாரூர் சென்றார். அங்கே அரசரும் அடியாரும் ஒருவரையொருவர் வணங்கித் தழுவிக் கொண்டதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் உருக்கமாகப் பாடியுள்ளார். ‘சேரமான் தோழர்’ என்னும் பெயரும் சுந்தரருக்கு உண்டாயிற்று. இருவரும் சேர்ந்து திருமறைக்காடு, மதுரை முதலிய தலங்களை வழிபட்டார்கள்.

பின்னர்ச் சுந்தரர் திருவாரூரில் இருக்கும்போது சேரமானின் நினைவு வந்தது. காணும் விருப்பத்தால் மீண்டும் மலைநாட்டுக்குப் பயணமானார். வழியில் திருப்புக்கொளியூர் அவிநாசியில்தான், முன்பு முதலை விழுங்கிய பாலகனை மீட்டுத் தந்த அற்புதம் நிகழ்ந்தது. நண்பரைக் காணப் புறப்பட்ட பயணத்தில், பிள்ளையை இழந்து அழுதிருந்த ஒரு வீட்டுக்கு வாழ்வு திரும்பியது.

2017இல் கொங்கு நாட்டுத் தலங்களைத் தரிசிக்க நானும் என் மனைவியும் சென்றோம். அவிநாசியில் இந்த வரலாற்றை மனைவிக்குச் சொன்னேன். “சுந்தரர் கூட்டாளியைப் பார்க்கத்தானே வந்தாரு? நீங்க யாரைப் பார்க்கப் போறீங்க?” என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

தேடிக் கண்டது

முசிறிப் பக்கத்துக் கிராமத்தின் பழைய முகவரி நினைவில் இருந்தது. மறுநாள் அங்கே போனோம். தேநீர்க் கடையில் ‘மலாயாக்காரர் வீடு’ என்றதும் ஒரு பெரியவருக்குத் தெரிந்துவிட்டது. குடும்பம் திருப்பூருக்குப் போய் முப்பது ஆண்டாயிற்று என்றார். கைப்பேசி எண்ணும் கிடைத்தது. அவிநாசியிலிருந்து சிறிது தூரத்தில் இருந்தவனைத் தேடி முசிறி வரை போயிருக்கிறோம்!

பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்து ஓய்ந்தவன், இரண்டு அறை வீட்டின் வாசலில் நின்றிருந்தான். “ஏன்டா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றான். அவ்வளவுதான். அவன் மனைவி, “வாங்கண்ணே, உங்களைப் பத்திப் பேசாத நாளில்லை” என்றார்.

சாப்பிட்ட பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி நானே பேச்செடுத்தேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். “மாட்டை வித்துப் பார்த்தோம். அம்மா பொழைச்சு இன்னும் ஒன்பது வருஷம் இருந்தாங்க. பணம் வரலைன்னு எனக்கு வருத்தம் இல்லைடா. இந்த ஊர்ல அப்ப யாரையும் கேட்க எனக்கு வாய் வரலை. உன்னைத்தான் கேட்கத் தோணுச்சு. கேட்டதால உன்னை இழந்துட்டேனேன்னுதான் வருத்தம்” என்றான்.

வள்ளுவர் ‘உரிமை’ என்று சொன்னதன் பொருள் எனக்கு 61 வயதில் அந்தத் திண்ணையில்தான் விளங்கியது. அவன் கேட்டது என்னை நம்பியதற்கு அடையாளம். நான் அதைச் சுமையாகக் கண்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்த உறையை அவன் தொடவில்லை. நாங்கள் கொண்டு போன நம் ஊர்க் காப்பித்தூளை மட்டும் வாங்கி முகர்ந்து பார்த்து, அப்போதே கலக்கச் சொன்னான்.

இரு வரலாறுகள்

பழைய நண்பர்கள் மீண்டும் சந்திப்பதை நம் நூல்கள் இரு விதமாகக் காட்டுகின்றன. துரோணரும் துருபதனும் குருகுல நண்பர்கள். வறுமையில் தேடி வந்த துரோணரை, அரசனான துருபதன் ‘நமக்குள் ஏது நட்பு’ என்று இகழ்ந்தான். அந்தச் சொல் பகையாகி, சீடர்களை ஏவித் துருபதனைச் சிறைப்பிடிக்கச் செய்து, முடிவில் குருட்சேத்திரப் போரில் இருவர் உயிரையும் கொண்டது.

கண்ணனும் குசேலரும் சாந்தீபனி முனிவரிடம் ஒன்றாகப் படித்தவர்கள். துவாரகைக்கு வந்த குசேலரின் பாதங்களைக் கண்ணன் கழுவினான். குருவுக்காக விறகு பொறுக்கப் போய்க் காட்டில் மழையில் சிக்கிக் கொண்ட நாளை நினைவூட்டிப் பேசினான். பிறகு அவர் ஒளித்து வைத்த அவலைத் தானே எடுத்து உண்டான். குசேலர் எதையும் கேட்கவில்லை. கண்ணனும் அவர் கையில் எதையும் கொடுத்து அனுப்பவில்லை. அவர் வீடு சேரும் முன் செல்வம் அங்கே சேர்ந்திருந்தது. கொடுப்பதிலும் நண்பரின் மானத்தைக் காக்க வேண்டும் என்பது இதிலுள்ள நுட்பம்.

புறப்படுவோர் கவனத்துக்கு

1. தேடுவதற்குப் பழைய முகவரியே போதும். தபால்காரர், கோயில் பூசாரி, தேநீர்க் கடை ஆகியோர் ஊர் வரலாறு அறிந்தவர்கள். இந்நாட்டில் பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. எஞ்சியுள்ள தோட்டக் கோயில்களின் திருவிழாக்களில் பழையவர்கள் கூடுகிறார்கள். அங்கே விசாரிக்கலாம்.

2. நம் பிள்ளைகளின் பதவியையும் வீட்டின் விலையையும் முதலில் பேசக் கூடாது. பழைய நினைவிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.

3. நம் மீது தவறு இருந்தால் காரணம் அடுக்காமல் ஒப்புக் கொள்ள வேண்டும். அவர் மீது தவறு இருந்தால் நாம் அதை எடுக்கவே கூடாது.

4. பலர் முன்னிலையில் பணம் நீட்டக் கூடாது. நான் செய்த பிழை அது. தேவை இருப்பின் பின்னர் தெரிய வரும். அப்போது ஓசையின்றிச் செய்யலாம்.

5. நண்பர் மறைந்திருந்தால் திரும்பி வந்துவிடாமல், அவர் மனைவி மக்களைக் கண்டு பேச வேண்டும். தந்தையின் இளமையை அறிந்தவர் வாய்மொழி அவர்களுக்குப் பெருஞ்செல்வம். அவர் பெயரில் அருகிலுள்ள ஆலயத்தில் ஒரு மோட்ச தீபம் ஏற்றலாம்.

6. ஒருமுறை கண்டதோடு நிறுத்தக் கூடாது. 1985இல் ‘சிதம்பரம்’ கப்பலில் தீப்பிடித்த பிறகு கடல்வழிப் பயணம் நின்றது. அக்காலத்தில் தொடர்பு அறுந்ததற்குக் காரணம் சொல்லலாம். கைப்பேசியும் புலனமும் உள்ள இன்று காரணம் ஏதுமில்லை.

ஆடி மாதச் சுவாதி நாள் சுந்தரருக்கும் சேரமானுக்கும் ஒருங்கே குருபூசை நாள். இருவரும் ஒரே நாளில் கயிலை சேர்ந்தவர்கள். அந்நாளில் ஆலயம் செல்லும் அன்பர்கள், நீண்ட காலம் பார்க்காத ஒரு நண்பரின் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்து, வீடு திரும்பியதும் அவருக்கு நான்கு வரி எழுதுவார்களாக. என் நண்பன் வாரம் ஒருமுறை என்னோடு பேசுகிறான். காப்பித்தூள் தீர்ந்துவிட்டதென்று போன மாதம் உரிமையோடு கேட்டான். அன்றே அனுப்பி வைத்தேன்.