ஒட்டுத் தெரியாத துணிப்படம்

அறைச் சுவரைப் பூவேலைத் துணியால் போர்த்தும் வழக்கம் மிகப் பழையது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் நெய்த பட்டு, வெர்சேல்ஸ் அரண்மனையின் சுவர்களை அலங்கரித்தது. அக்காலத்தில் துணியைச் சுவரில் மாட்டிய பிறகே அதன் அழகைக் காண முடியும். இன்றோ நிலைமை வேறு. விடுதிகளையும் வீடுகளையும் அமைப்போர், சுவருக்கும் திரைக்கும் நாற்காலி மெத்தைக்கும் எந்தத் துணி பொருந்தும் என்பதை, அது தறியில் ஏறுவதற்கு முன்பே கணிப்பொறியில் பார்த்துவிடுகின்றனர். இன்னும் கட்டப்படாத அறையைப் புகைப்படம் போலவே காட்டும் இம்முறைக்கு ரெண்டரிங் என்று பெயர். கரூர், சென்னிமலை முதலிய ஊர்களில் வீட்டு உபயோகத் துணி நெய்வோர் இதனை அறிந்திருத்தல் அவசியமாகும்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. நான் ஆய்வு செய்த ஒரு சங்கம், தன் புதிய பூங்கொடித் துணியைச் சுவரில் போர்த்தியது போன்ற படம் ஒன்றைத் தயாரித்து வாங்குவோருக்கு அனுப்பியது. படம் மிக அழகாக இருந்தது, ஆர்டரும் வந்தது. துணி நெய்து அனுப்பியபின், "படத்தில் கண்ட பூ இதுவன்று" என்று சரக்கு திரும்பிவிட்டது. நெசவில் குற்றமில்லை, சாயத்திலும் குற்றமில்லை. தறியில் 5 அங்குலம் உள்ள கொடி, படத்தில் 10 அங்குலமாகக் காட்டப்பட்டிருந்தது. அந்தக் கோப்பை நானும் பார்த்தேன். படத்தில் அளவு குறிக்கப்படவில்லை என்பது எனக்கும் தோன்றவில்லை. கூலியைக் கணக்கில் வைத்துக் காத்திருந்த குடும்பங்களை அன்று நேரில் கண்டேன். ஆகவே இப்பாடத்தை அழகிலிருந்து தொடங்காமல் அளவிலிருந்து தொடங்குகிறேன்.

1. அலகு யாது?

தறியில் நாம் ரிப்பீட் என்று சொல்வதே கணிப்பொறிப் படத்திற்கும் அடிப்படை. பாவில் அங்குலத்துக்கு 48 இழை இருப்பதாகவும், 240 கொக்கி உள்ள ஜக்கார்டு பெட்டியில் ஒவ்வொரு கொக்கியும் ஒரு ரிப்பீட்டில் ஓர் இழையைத் தூக்குவதாகவும் கொள்வோம். அப்போது ரிப்பீட்டின் அகலம் 5 அங்குலம். ஊடை அங்குலத்துக்கு 40 என்றும், அட்டைகள் 200 என்றும் கொண்டால், அதன் நீளமும் 5 அங்குலமே. இந்தச் சதுரம் ஒன்றைப் படமாக்கி, அதனையே பக்கத்தில் பக்கமாக அடுக்கினால் சுவர் முழுவதும் நிரம்பும். அடுக்கியபோது இணையும் கோடு கண்ணுக்குத் தெரியாவிடில், அதுவே ஒட்டுத் தெரியாத படம்.

ஒரு படத்தைக் கணிப்பொறியிலுள்ள வளைந்த பரப்பின்மேல் போர்த்தும் முறையை 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் தமது ஆராய்ச்சியில் விளக்கினார். அடுக்கும் வேலையைக் கணிப்பொறி செய்துவிடும். எதை அடுக்க வேண்டும் என்று சொல்வது நம் கடமை.

2. படம் எடுத்தல்

துணியை இஸ்திரியிட்டுச் சமமான பலகையில் விரிக்க வேண்டும். பாவும் ஊடையும் ஒன்றுக்கொன்று நேர்கோணத்தில் நிற்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். துணி சாய்ந்திருந்தால் ஓரங்கள் எத்தனை முயன்றாலும் இணையா. காமிரா துணிக்கு நேர்மேலே இருத்தல் வேண்டும். இருபுறமும் ஒரே தூரத்தில், ஒரே வகை விளக்குகளை வைக்க வேண்டும். ஒரு மூலை சிறிது இருண்டிருந்தாலும், அடுக்கும்போது அவ்விருள் திரும்பத் திரும்ப வந்து சுவரெங்கும் கட்டம் போட்டதுபோல் தோன்றும்.

ஸ்கேனரில் எடுப்பதாயின் அங்குலத்துக்கு 300 புள்ளி வைக்கலாம். அப்போது 5 அங்குல ரிப்பீட்டுக்கு 1,500 புள்ளிகள் கிடைக்கும்; ஓர் இழைக்கு ஏறத்தாழ ஆறு புள்ளி விழும். இழையைத் தனித்தனியே காண இது போதும். ரிப்பீட்டைவிடச் சற்று அதிகமாகவே எடுத்துக்கொண்டு, பிறகு சரியாக ஒரு ரிப்பீட்டை வெட்டிக்கொள்க.

3. ஒட்டை நீக்குதல்

விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் போன்ற மென்பொருளிலேயே இதனைச் செய்யலாம். படத்தை அகலத்தில் பாதியும் உயரத்தில் பாதியும் நகர்த்தும் வசதி அதில் உண்டு. அதற்கு ஆஃப்செட் என்று பெயர். அப்படி நகர்த்தியவுடன் வெளியோரங்கள் நடுவே வந்து சேரும். இணைப்பில் பிழையிருந்தால் சிலுவை போன்ற கோடாக அது தெரியும். அக்கோட்டை, அருகிலுள்ள துணிப்பகுதியைப் பிரதி செய்து நிரப்பி மறைக்கலாம்.

சில துணிகளில் அடுத்த வரிசைப் பூ பாதி உயரம் கீழே இறங்கி நிற்கும். அத்தகைய துணிக்கு ஒரு பூவை மட்டும் வெட்டினால் வரிசை மாறிவிடும். இரண்டு வரிசையின் அகலத்தையும் சேர்த்தே வெட்ட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கைத்தறித் துணியில் ஓரிடத்தில் இழை தடித்திருக்கும். ஓரிடத்தில் சிறு முடிச்சு இருக்கும். அவை கைவேலையின் அடையாளம். ஆனால் அலகுப் படத்தில் ஒரு முடிச்சு இருந்தால், அதே முடிச்சு அதே இடத்தில் நூற்றுக்கணக்கான முறை சுவரில் தோன்றும். உண்மையான தறி அப்படி ஒருபோதும் நெய்வதில்லை. ஆகையால் எடுப்பாகத் தெரியும் முடிச்சை நீக்குக. அல்லது மூன்று, நான்கு ரிப்பீட்டுகளைச் சேர்த்தே ஓர் அலகாக எடுத்துக்கொள்க. பின்னது சிறந்தது. கையின் இயல்பான வேறுபாடு அதில் ஓரளவு நிலைத்திருக்கும்.

4. மேடுபள்ளமும் மினுக்கும்

நிறப்படம் மட்டும் போர்த்தினால் அச்சிட்ட காகிதம்போல் தோன்றும். துணிக்கு மேடும் பள்ளமும் உண்டு. பரப்பின் உருவை மாற்றாமலே, ஒளி விழும் கணக்கை மட்டும் மாற்றிச் சுருக்கமும் மேடும் உள்ளதுபோல் காட்டும் வழியை 1978ஆம் ஆண்டில் ஜிம் பிளின் வெளியிட்டார். இதற்காக மேடு வெண்மையாகவும் பள்ளம் கருமையாகவும் உள்ள இரண்டாவது படம் ஒன்று தயாரிக்கப்படுகிறது. மூன்றாவது படம், எவ்விடம் வழவழப்பு, எவ்விடம் சொரசொரப்பு என்பதைக் குறிக்கும். ஜரிகையுள்ள துணிக்கு நான்காவது படமும் வேண்டும். எது உலோகம், எது நூல் என்று அது பிரித்துக் காட்டும்.

இந்நான்கும் ஒரே அளவில், ஒரே இடத்தில் பொருந்த வேண்டும். பூவின் நிறம் ஓரிடத்திலும் அதன் மேடு வேறோரிடத்திலும் அமைந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். மேட்டை மிகைப்படுத்துதலும் தவறு. மெல்லிய பருத்தித் துணி கம்பளிபோல் தோன்றினால், வாங்குவோர் கம்பளியின் கனத்தையே எதிர்பார்ப்பர். பிளெண்டர் என்னும் விலையில்லா மென்பொருளில் இவை யாவற்றையும் செய்யலாம்.

5. அளவும் இணைப்பும்

பத்தடி அகலமுள்ள சுவர் 120 அங்குலம். 5 அங்குல ரிப்பீட் அதில் 24 முறை வர வேண்டும். முன் சொன்ன சங்கத்தின் படத்தில் 12 முறையே வந்திருந்தது. அந்தப் பெரிய பூவை அதே இழை நெருக்கத்தில் நெய்ய 480 கொக்கியும் 400 அட்டையும் வேண்டும். அவர்களிடம் இருந்ததோ 240 கொக்கிப் பெட்டி. கணிப்பொறியில் ஓர் எண்ணை மாற்றினால் பூ இரட்டிப்பாகிவிடும். தறியில் அப்படி ஆகாது.

மற்றொன்றையும் நினைவிற்கொள்க. படத்தில் ஒட்டுத் தெரியாது; சுவரில் ஒட்டு இருந்தே தீரும். நம் துணியின் அகலம் 50 அங்குலமாயின் அந்தச் சுவருக்கு மூன்று துண்டும் இரண்டு இணைப்பும் வேண்டும். 50 அங்குலத்தில் ரிப்பீட் சரியாகப் பத்து முறை அடங்குவதால் இணைப்பில் பூ பொருந்தும். 48 அங்குலத்தில் நெய்தாலோ கடைசிப் பூ கரையில் அறுபட்டு நிற்கும். படம் தயாரிக்கும்போதே இணைப்புக் கோடுகளைக் காட்டிவிடுதல் நேர்மையும் லாபமும் ஆகும்.

6. படம் ஒரு வாக்குறுதி

அழகிய படத்தைச் செய்துவிடலாம். அதன்படி நெய்து கொடுப்பதே சங்கத்தின் பெயரைக் காப்பாற்றும். ஆகவே ஒவ்வொரு படத்தின் கீழும் ரிப்பீட்டின் அளவு, துணியின் அகலம், பாவு ஊடை எண்ணிக்கை, நூல் ரகம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கணிப்பொறித் திரைக்குத் திரை நிறம் மாறுமாதலால், ஒரு சாண் அசல் துணியையும் உடன் அனுப்ப வேண்டும். ஆர்டர் உறுதியாவதற்கு முன் அப்படத்தைத் தறிக்காரர் ஒருவர் பார்த்து, "இதை என் தறியில் நெய்யலாம்" என்று கையொப்பமிட வேண்டும். அவர் கையொப்பமின்றி அனுப்பும் படம், தச்சரைக் கேளாமல் வீட்டுக்கு நாள் குறிப்பதை ஒக்கும்.

இறுதியாக ஒன்று. ஒட்டுத் தெரியாத அலகுப் படத்தை முழு நுணுக்கத்துடன் வெளியாருக்குக் கொடுத்தால், டிசைனையே கொடுத்ததாகும். அதை யாரும் துணியில் அச்சிட்டுவிடலாம். அறையின் காட்சிப்படத்தை மட்டும் அனுப்புக. அலகுப் படம் சங்கத்தின் பெட்டியில் இருக்கட்டும். 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி, புதிய டிசைனைப் பதிவு செய்தால் முதலில் பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் பாதுகாப்பு உண்டு. ஆனால் வெளியிடுவதற்கு முன்பே பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறவற்க.

திரும்பி வந்த அந்தச் சரக்கு பின்னர்க் குறைந்த விலைக்குப் போயிற்று. அச்சங்கத்தார் இப்போது படத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோலையும் சேர்த்தே வரைகின்றனர். ஏனைய சங்கங்கள் நஷ்டமின்றியே அப்பழக்கத்தை மேற்கொள்ளுமாக.

அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத் தறிகளில் கொக்கி எத்தனை? பாவு அங்குலத்துக்கு எத்தனை இழை? அதன்படி நாம் நெய்யத்தக்க மிகப்பெரிய பூவின் அகலம் என்ன?

2. நாம் நெய்யும் துணியின் அகலத்தில் ரிப்பீட் மீதமின்றி அடங்குகிறதா? அடங்காவிடில் எதனை மாற்றலாம்?

3. நம் சங்கத்திலிருந்து வெளியே செல்லும் படங்களை இப்போது யார் பார்த்து ஒப்புதல் தருகின்றனர்? அவர்களுள் தறியில் அமர்வோர் ஒருவரேனும் உண்டா?