குருணை உரமும் சேர்மானப் பொருள்களும்

(பி.எஸ்ஸி. வேதியியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

மழைக்காலத்தில் உழவர் வீடுகளில் காணும் காட்சி ஒன்று உண்டு. அடுக்கி வைத்த யூரியா மூட்டை கல்லைப் போல் இறுகிக் கிடக்கும். சாக்கைப் பிரித்துக் கவிழ்த்தால் உரம் உதிராது. உலக்கையால் இடித்தால்தான் உடையும். சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டிலும் இரண்டு மூட்டைகள் இவ்வாறு இறுகிவிட்டன. இடித்ததில் ஒரு பகுதி தூளாயிற்று. மறு பகுதி கட்டியாகவே நின்றது. வயலில் வீசியபோது ஓரிடத்தில் மிகுதியாகவும் வேறோரிடத்தில் குறைவாகவும் விழுந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் நெற்பயிர் திட்டுத் திட்டாகக் கரும்பச்சையும் வெளிறலுமாக நின்றது. "ஏம்ப்பா, நீ படிக்கிற படிப்புல இதுக்கு வழி ஒண்ணும் சொல்லலியா?" என்று என் தந்தையார் கேட்டார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

உரம் இறுகுவது ஏன்?

ஒவ்வோர் உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை ஓர் எல்லைவரை பொறுத்துக்கொள்ளும். அவ்வெல்லையைக் கடந்தால் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். இதனை மாறுநிலை ஒப்பு ஈரப்பதம் என்பர். 30 டிகிரி செல்சியசில் அம்மோனியம் சல்பேட்டுக்கு இது ஏறத்தாழ 79 விழுக்காடு, யூரியாவுக்கு 72, அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 59. யூரியாவையும் அம்மோனியம் நைட்ரேட்டையும் ஒன்றாகக் கலந்தாலோ இந்த எல்லை 18 விழுக்காடாகச் சரிந்துவிடும். அதாவது, கோடைக்காலக் காற்றில்கூட அக்கலவை கசிந்து நீராகும்.

இரவில் காற்று ஈரமாக இருக்கும்போது குருணையின் மேற்பரப்பு சற்றே கரைகிறது. பகலில் வெயில் ஏற ஏற அந்நீர் ஆவியாகிறது. கரைந்திருந்த உப்பு மீண்டும் படிகமாகும்போது அடுத்தடுத்த குருணைகளுக்கிடையே சிறு பாலங்களாக அமைந்துவிடுகிறது. இது நாள்தோறும் நிகழ்கிறது. மேலே அடுக்கிய மூட்டைகளின் எடையும் சேர்ந்து அழுத்துகிறது. மூட்டை கல்லாகிவிடுகிறது.

குருணை உருவாகும் விதம்

அம்மோனியாவும் கரியமில வாயுவும் உயர் அழுத்தத்தில் சேர்ந்து முதலில் அம்மோனியம் கார்பமேட் ஆகி, பின் நீர் நீங்கி யூரியா ஆகிறது. நீரை நன்கு வற்றவைத்தால் கிடைப்பது உருகிய யூரியாக் குழம்பு. இதன் உருகுநிலை ஏறத்தாழ 133 டிகிரி. இக்குழம்பை மணியாக்க இரு வழிகள் உள்ளன.

முதல் வழியில், உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து குழம்பைத் துளிகளாகப் பொழிவார்கள். கீழிருந்து மேலே எழும் காற்றில் துளிகள் குளிர்ந்து மணிகளாக விழும். இம்மணிகள் பெரும்பாலும் 1 முதல் 2.8 மில்லிமீட்டர் வரை இருக்கும். இரண்டாம் வழியில், சிறு விதைத் துகள்களை உருளையிலோ காற்றுப் படுகையிலோ புரளவிட்டு, அவற்றின்மேல் குழம்பைத் தெளிப்பார்கள். படலம் படலமாக வளர்ந்து 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணையாகும். இவை கோபுர மணிகளைவிடப் பெரியவை, உறுதியானவை.

குழம்பை அதிக நேரம் சூட்டில் வைத்திருந்தால் இரண்டு யூரியா மூலக்கூறுகள் சேர்ந்து, அம்மோனியா வெளியேறி, பையூரெட் என்னும் பொருள் உண்டாகும். இது மிகுந்தால் பயிருக்குத் தீங்கு. இலைவழித் தெளிப்புக்கு ஆகவே ஆகாது. நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை யூரியாவில் இது 1.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது.

சேர்மானம் செய்யும் வேலை

வெறும் யூரியாக் குழம்பு உறையும்போது படிகங்கள் நீண்டு பெரிதாக வளர்கின்றன. அவற்றுக்கிடையே இடைவெளிகள் இருப்பதால் குருணை எளிதில் நொறுங்கும், தூசி பறக்கும். குழம்பில் நூற்றில் அரைப் பங்கு அளவுக்கு ஃபார்மால்டிஹைடு சேர்த்தால் நிலைமை மாறுகிறது. அது யூரியாவுடன் வினைபுரிந்து மெத்திலீன் டையூரியா போன்ற சேர்மங்களைத் தருகிறது. இவை படிக வளர்ச்சியைத் தடுத்து, நுண்ணிய படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி நிற்கச் செய்கின்றன. குருணை அழுத்தத்தைத் தாங்குகிறது, தூசி குறைகிறது, சேமிப்பில் இறுகுவதும் குறைகிறது. நம் வீட்டுக் கட்டிடத்தில் சிறு சல்லியும் மணலும் பெருஞ்சல்லியின் இடைவெளியை நிரப்புவதை இதற்கு ஒப்பாகக் கூறலாம்.

ஒரு பயனுக்கு ஏற்ற சேர்மானம் வேறொரு பயனுக்குத் தடையாகவும் அமையும். டீசல் வாகனப் புகையைத் தூய்மையாக்கப் பயன்படும் யூரியாக் கரைசலில் ஆல்டிஹைடு மிக மிகக் குறைவாகவே இருக்கலாம். எனவே உர யூரியாவை அதற்குப் பயன்படுத்த இயலாது.

உள்ளே சேர்ப்பது ஒரு முறை. மேலே பூசுவது மற்றொரு முறை. சீனக்களிமண் போன்ற நுண்தூள்கள் குருணைகளை ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைக்கின்றன. எண்ணெயில் கரைத்த கொழுப்பு அமீன்கள் மேற்பரப்பை நீர் ஒட்டாததாக்குகின்றன. கலப்பு உரங்களுக்கும் பொட்டாஷ் உரத்துக்கும் இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

தவறினால் நேர்வது

சேர்மானம் என்பது சில்லறை விஷயம் என எண்ணலாகாது. 1921 செப்டம்பர் 21 அன்று ஜெர்மனியில் ஓப்பா என்னுமிடத்தில் நேர்ந்ததை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த உரம் சுமார் 4,500 டன் கிடங்கில் இறுகிக் கிடந்தது. அதைத் தளர்த்த டைனமைட் வைப்பது வழக்கம். பல்லாயிரம் முறை தீங்கின்றி நடந்த அவ்வழக்கம் அன்று கிடங்கையே வெடிக்கச் செய்தது. ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உரம் இறுகியதே அப்பேரிடரின் தொடக்கம்.

இறுகாதிருக்கச் செய்த ஏற்பாடே தீங்கைப் பெருக்கியதும் உண்டு. 1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் நகரத் துறைமுகத்தில் கிராண்ட்கேம்ப் என்னும் கப்பல் வெடித்தது. அதிலிருந்த ஏறத்தாழ 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட் கட்டி தட்டாதிருக்க மெழுகுப் பொருள்கள் பூசப்பட்டிருந்தது. ஆக்சிஜனைத் தரும் உப்பின்மேல் எரியும் பொருளைப் பூசினால் என்ன ஆகும் என்பதை வேதியியல் மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. தீப்பற்றிய கப்பல் வெடித்ததில் ஏறத்தாழ 580 பேர் உயிரிழந்தனர்.

அம்மோனியம் நைட்ரேட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. 32 டிகிரியில் அதன் படிக வடிவம் மாறி, பருமனும் மாறுகிறது. நம் ஊர்க் கிடங்கில் கோடையில் வெப்பநிலை ஒவ்வொரு நாளும் இந்த எல்லையை ஏறியும் இறங்கியும் கடக்கும். குருணை உப்பி, விரிசல் விட்டு, தூளாகிவிடும். சிறிதளவு மக்னீசியம் நைட்ரேட் சேர்த்தால் அது உள்ளிருக்கும் நீரைப் படிக நீராகப் பிணைத்து இம்மாற்றத்தைத் தடுக்கிறது. சுண்ணாம்புக்கல் அல்லது டாலமைட் தூளைக் கணிசமாகக் கலந்தால் வெடிக்கும் தன்மை பெரிதும் குறைகிறது. கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் என நாம் அறிவது இதுவே. 1961-இல் பஞ்சாபின் நங்கல் ஆலையில் உற்பத்தியான உரமும் இதுதான். எரியும் மெழுகுக்கு மாற்றாக எரியாத கல்தூள் வந்தது எத்துணைப் பெரிய திருத்தம்! (யூரியா இவ்வகை வெடியுப்பு அன்று, வீட்டில் மூட்டை வைத்திருப்போர் அஞ்ச வேண்டியதில்லை.)

வேம்பும் கந்தகமும்

சேர்மானம் குருணையைக் காப்பதோடு நிற்பதில்லை. அதிலுள்ள சத்தையும் காக்கிறது. மண்ணில் இட்ட யூரியா அம்மோனியமாகி, நைட்ரோசோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் நீரோடு கீழே இறங்கிவிடும். நெல் வயலில் வாயுவாகியும் போய்விடும். வேம்பு இந்நுண்ணுயிர்களின் வேகத்தைத் தணிக்கிறது. யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றை 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து ஓரிரவு வைத்திருந்து இடுவது நம் உழவர்கள் அறிந்த முறை. ஆலையில் இதே வேலையை வேப்பெண்ணெய் செய்கிறது. ஒரு டன்னுக்குச் சில நூறு கிராம் போதும். 2015 முதல் நம் நாட்டில் உற்பத்தியாகும் மானிய யூரியா முழுவதும் வேம்பு பூசியதாக இருக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. 2023-இல் 37 விழுக்காடு தழைச்சத்தும் 17 விழுக்காடு கந்தகமும் கொண்ட கந்தகம் பூசிய யூரியாவுக்கும் ஒப்புதல் கிடைத்தது.

நாமே செய்து பார்க்க ஒரு சோதனை

இரு கண்ணாடித் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் யூரியாவை மட்டும் இடுங்கள். மற்றொன்றில் யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் சம அளவில் கலந்து இடுங்கள். இரண்டையும் மூடி வைத்து மறுநாள் பாருங்கள். கலவை நசநசத்துக் களியாகியிருக்கும். சூப்பர் பாஸ்பேட்டில் படிக நீராக இருந்ததை யூரியா வெளியேற்றிவிடுகிறது. ஆதலால் இவ்விரண்டையும் வயலுக்குக் கொண்டு செல்லும் வேளையில்தான் கலக்க வேண்டும். முதல் நாளே கலந்து வைக்கலாகாது.

முடிவுரை

ஆலையில் எத்துணைச் சிறந்த சேர்மானம் சேர்த்தாலும் வீட்டில் கவனம் வேண்டும். மூட்டைகளை வெறுந்தரையில் வைக்காமல் பலகையின்மேல் வைக்க வேண்டும். சுவரை ஒட்டியும் மிக உயரமாகவும் அடுக்கக் கூடாது. பிரித்த மூட்டையை உடனே இறுகக் கட்ட வேண்டும். இவற்றை என் தந்தையாரிடம் கூறினேன். மறுநாளே பழைய கதவுப் பலகை ஒன்று மூட்டைகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டு மார்கழியில் மேலுரம் இட எடுத்தபோது உரம் கையில் மணலாக உதிர்ந்தது. உலக்கைக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஆய்வகத்தில் நாம் கற்பது வயல் வரப்புவரை சென்று பயன்படுமாயின், அதுவே நம் கல்விக்குக் கிடைக்கும் நற்சான்று எனலாம்.